ஹாட்ஃபீல்ட் தண்டவாளம்: முதலில் திறப்பு, அப்புறம் சறுக்கல்

2000 அக்டோபர் 17. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பகல் 12.10க்கு லீட்ஸ் நோக்கிக் கிளம்பிய விரைவு ரயில், கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில், ஹாட்ஃபீல்ட் நிலையத்துக்குத் தெற்கே ஒரு வளைவில் தடம் புரண்டது. வேகம் மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் வழக்கமாக ஓடும் வேகம்தான் அது. இன்ஜினும் முதல் இரண்டு பெட்டிகளும் தடத்திலேயே நின்றன; பின்னால் வந்தவை எல்லாம் இறங்கிவிட்டன. எட்டாவதாக வந்த உணவகப் பெட்டி கவிழ்ந்து, மேல்மின்கம்பியைத் தாங்கும் கம்பத்தில் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். எழுபது பேருக்கு மேல் காயம்.

வண்டியில் பழுதில்லை என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளம் உடைந்திருந்தது. தண்டவாளம் உடைவது புதிதில்லை. குளிர்காலத்தில் எந்தப் பெரிய ரயில்வேயிலும் அவ்வப்போது நடப்பதுதான். ஒரு இடத்தில் குறுக்கே முறியும், சில சென்டிமீட்டர் இடைவெளி விழும், சிக்னல் சுற்று அறுந்து சிவப்பு விழும், அடுத்த வண்டி நிற்கும். இங்கே அப்படி நடக்கவில்லை. தண்டவாளம் முந்நூறுக்கும் அதிகமான துண்டுகளாகச் சிதறியிருந்தது. ஒரு எஃகுத் தண்டவாளம் ஒரே ரயில் கடக்கும் நேரத்தில் முந்நூறு துண்டாகிறது என்றால், அந்த முறிவுகள் எல்லாம் அன்றைக்கு ஆரம்பித்தவையாக இருக்க முடியாது.

அவை ஆரம்பித்த இடத்தைத் தண்டவாளக்காரர்கள் 'கேஜ் கார்னர்' என்பார்கள்: தண்டவாளத் தலையின் உட்பக்க மேல்மூலை. வளைவில் வெளிச் சக்கரத்தின் விளிம்பு அணைந்து உருளும் இடம் அது. சாயம் தேய்த்துப் பார்த்தால், சில மில்லிமீட்டர் இடைவெளியில், மூலையை ஒட்டிச் சாய்வாக, ஒரே திசை பார்த்துக் கிடக்கும் மயிரிழைக் கீறல்கள் வரிசையாகத் தெரியும். ஹாட்ஃபீல்டிலும் இந்தக் கீறல்கள் விபத்துக்கு முன்பே கண்ணில் பட்டவை. அந்தத் தண்டவாளத்தை மாற்ற வேண்டும் என்ற முடிவும் எடுக்கப்பட்டிருந்தது. மாற்றும் வரை வேகத்தைக் குறைக்க யாரும் உத்தரவிடவில்லை.

நிர்வாகக் கதை நிறைய எழுதப்பட்டாகிவிட்டது. என் அக்கறை வேறு. இந்த விரிசல், ஒன்றுக்கு மேற்பட்ட விசைகள் சேர்ந்து வளர்த்த விரிசல். அமுக்கம், சறுக்கு, சக்கரத்தின் கீழ் தண்டவாளம் வளைவது, குளிரால் வரும் இழுப்பு, உருக்காலையிலேயே உள்ளே தங்கிவிட்ட தகைவு (உலோகத்துக்குள் ஒரு பரப்பளவுக்கு விழும் விசை), அத்தனையும் இதில் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் பொறியாளர் கை தானாகப் போவது ஒரு வழக்கத்துக்கு: எல்லாத் தகைவுகளையும் கூட்டிக் குழைத்து 'சமானத் தகைவு' என்று ஒரே எண்ணாக்குவது. ஹாட்ஃபீல்ட் விரிசலை அந்த எண்ணால் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. எவ்வளவு விசை வந்தது என்பதோடு, எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதும் சேர்ந்துதான் அந்த விரிசலின் பாதையைத் தீர்மானித்தது.

ஒரு சதுர சென்டிமீட்டரில்

கணக்கு எளிது. இன்ஜினின் ஒரு அச்சுக்குச் சுமார் 20 டன் எடை, சக்கரத்துக்கு 10 டன். சக்கரமும் தண்டவாளமும் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். ஆக சராசரி அழுத்தம் 1000 மெகாபாஸ்கல். வளைந்த பரப்புகள் தொடும்போது அழுத்தம் எப்படிப் பரவும் என்று சொல்லும் ஹெர்ட்ஸின் தொடுகைக் கணக்குப்படி நடுவில் அதைப்போல ஒன்றரை மடங்கு, 1500. சாதாரணத் தண்டவாள எஃகின் இழுவலிமையோ 900 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். பிறகு எப்படி நசுங்காமல் தாங்குகிறது? தொடுமிடத்துக்குக் கீழே உள்ள எஃகைச் சுற்றியுள்ள எஃகு எல்லாப் பக்கமும் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்கிறது. எல்லாத் திசையிலும் சமமாக அமுக்கினால் உலோகம் நிரந்தரமாக உருமாறி வழியாது. அதை வழியவைப்பது திசைக்குத் திசை உள்ள வித்தியாசம், அதாவது ஒரு அடுக்கை இன்னொன்றின் மேல் நழுவவைக்கும் சறுக்குத் தகைவு.

சக்கரம் நேராக உருண்டால் அந்தச் சறுக்குத் தகைவின் உச்சம் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும். வளைவில் சக்கரம் நேராக உருளாது. அச்சு கொஞ்சம் கோணலாக நிற்கும். சக்கரம் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் நுண்ணளவு வழுக்கிக்கொண்டே உருளும். அந்த வழுக்கல் மேற்பரப்பை இழுக்கிறது. இழுவிசை, அழுத்தும் விசையில் சுமார் 0.3 பங்கைத் தாண்டினால் உச்சம் ஆழத்திலிருந்து கிளம்பி மேற்பரப்புக்கே வந்துவிடும். கேஜ் கார்னரில் தொடுபரப்பு இன்னும் சின்னது, அழுத்தம் இன்னும் அதிகம். கீறல்கள் சாய்வாகக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்: முன்னிழுப்பும் பக்க இழுப்பும் சேர்ந்த திசைக்குக் குறுக்காக அவை திறக்கின்றன.

இதெல்லாம் நடக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். மணிக்கு 185 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 51 மீட்டர். தொடுபரப்பின் நீளம் 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளியைச் சக்கரம் கடக்க ஆகும் நேரம் கால் மில்லிவினாடி. அதற்குள் அந்தப் புள்ளிக்குக் கீழே சறுக்குத் தகைவு ஒரு பக்கம் ஏறி, பூச்சியத்தைத் தாண்டி, மறுபக்கம் ஏறி இறங்குகிறது. அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது ஆழத்தில் குறுக்குச் சறுக்கு பூச்சியம். சறுக்கு உச்சத்தில் இருக்கும்போது அழுத்தம் பாதி வழியில். தகைவின் முதன்மைத் திசைகள் (இழுப்பும் அமுக்கமும் உச்சமாக விழும் திசைகள்) ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுழன்றுவிடுகின்றன.

ஆய்வகத்தில் இதே சிக்கல்

மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றை எடுத்து இழுக்கவும் முறுக்கவும் செய்யலாம். கூட்டுச்சுமை ஆய்வில் இது பழைய முறை. இழுப்பும் முறுக்கும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் முதன்மைத் திசை அசையாது, கணக்கு சுலபம். இழுப்பு உச்சத்தில் இருக்கும்போது முறுக்கு பூச்சியம், முறுக்கு உச்சத்தில் இருக்கும்போது இழுப்பு பூச்சியம் என்று கால் சுற்றுத் தள்ளி ஓட்டினால், சமானத் திரிபு (திரிபு என்பது உலோகம் உருமாறும் அளவு) ஒரே அளவில் நிற்கும். திசை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் எஃகில் இப்படித் திரிபைக் கட்டுப்படுத்தி ஓட்டினால், உலோகம் வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை இறுகி, அதே சமானத் திரிபுக்கு ஆயுள் வெகுவாகக் குறைகிறது. அலுமினியக் கலவைகளில் அந்தக் கூடுதல் இறுக்கம் அவ்வளவாக இல்லை. ஒரே எண், வெவ்வேறு முடிவு.

இதனால்தான் 1973இல் பிரவுனும் மில்லரும் சமான எண்ணை விட்டுவிட்டு, 'எந்தத் தளத்தில்' என்று கேட்டார்கள். அதிகபட்சச் சறுக்குத் திரிபு விழும் தளம் எது, அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக என்ன நடக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். 1988இல் ஃபதேமியும் சோசியும் செங்குத்துத் திரிபுக்குப் பதில் செங்குத்துத் தகைவை வைத்தார்கள். காரணம் நடைமுறையானது. சறுக்கு விரிசலின் இரு முகங்களும் கரடுமுரடானவை. அவற்றை ஒன்றோடொன்று அழுத்தினால் உராய்வில் விசை வீணாகி, விரிசல் நுனிக்குப் போய்ச் சேராது. கொஞ்சம் விலக்கிப் பிடித்தால் முழு விசையும் நுனிக்கு. முறுக்கப்படும் குழாயில் நிலையான இழுப்பு சேர்ந்தால் ஆயுள் குறைவதும், நிலையான அமுக்கம் சேர்ந்தால் கூடுவதும் இதனால்தான்.

முகங்கள் விலகியிருக்கும்போது சறுக்கு வந்தால் ஒரு கதை. ஒட்டியிருக்கும்போது வந்தால் வேறு கதை. இதை மனதில் வைத்துக்கொண்டு தண்டவாளத்துக்குத் திரும்பலாம்.

விரிசல் ஏன் வளையவில்லை

கேஜ் கார்னரில் ஒரு துண்டு வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால், மேற்பரப்புக்கு அருகே எஃகின் மணிகள் (நுண்படிகங்கள்) ஒரே பக்கமாக வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடக்கும். ஒவ்வொரு சக்கரமும் மேல்தோலை ஒரு துளி ஒரே பக்கமாகத் தள்ளுகிறது; அது திரும்பி வருவதில்லை. அடுத்த சக்கரம் இன்னொரு துளி. லட்சக்கணக்கான சக்கரங்கள் போன பிறகு, இனி நீள முடியாது என்ற நிலையில் எஃகு அறுகிறது. அறுபடும் பாதையும் படிந்த மணிகளின் போக்கிலேயே அமைகிறது: மேற்பரப்புக்கு 15 முதல் 30 டிகிரி வரையான தட்டையான சாய்வில். ஆக, விரிசல் பிறப்பதில் புதிர் ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜில் கென்னத் ஜான்சன் வரைந்த வரைபடம், எந்த அழுத்தத்துக்கும் எந்த உராய்வுக்கும் மேல்தோல் இப்படி வழியத் தொடங்கும் என்பதை நல்ல நெருக்கமாகவே சொல்லிவிடும்.

பிறந்த விரிசல் அதே தட்டைச் சாய்வில் பல மில்லிமீட்டர் போவதுதான் புதிர். வளைந்துவிட வேண்டும் என்றுதான் கோட்பாடு சொல்கிறது. 1963இல் எர்டோகனும் சீயும் காட்டியபடி, வெறும் சறுக்கு மட்டும் உள்ள விரிசல், இழுப்பு அதிகமுள்ள பக்கம் 70.5 டிகிரி திரும்பிவிடும். திரும்பியபின் முகங்கள் விலகித் திறக்கும் விரிசலாக, அதாவது திறப்பு விரிசலாகவே வளரும். உலோகச் சோர்விலும் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் நைவதிலும்) பெரும்பாலும் அப்படித்தான். சறுக்கு விரிசல் கொஞ்ச தூரம் போகும், முகங்கள் உரசி மூச்சுத் திணறும், கிளை விட்டுத் திறப்பு விரிசலாகிவிடும். தண்டவாளத்தில் மட்டும் அது நேரே போய்க்கொண்டிருந்தால் இரண்டு கேள்வி. சக்கரம் மேலே உட்கார்ந்து 1500 மெகாபாஸ்கலில் அமுக்கும்போது முகங்கள் எப்படி உரசி நிற்காமல் சறுக்குகின்றன? கிளை ஏன் விடவில்லை?

முதல் கேள்விக்கு விடை, தண்ணீர். 1935இலேயே வே என்ற ஆய்வாளர் உருளைகளை உருட்டிப் பார்த்து, எண்ணெய் இருந்தால் குழி விழுகிறது, காய்ந்திருந்தால் விழுவதில்லை என்று கண்டார். உராய்வைக் குறைக்க ஊற்றும் எண்ணெயே விரிசலை வளர்க்கிறது என்பது அந்தக் காலத்தில் விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். தண்டவாளத்தில் எண்ணெய்க்குப் பதில் மழைநீர். விரிசல் வண்டி போகும் திசையில் கீழிறங்குகிறது. அதனால் வரும் சக்கரம் முதலில் விரிசலின் வாயை மிதிக்கிறது, அப்புறம்தான் நுனிக்கு மேலே போகிறது. சக்கரம் நெருங்கும்போது வாய் லேசாகத் திறந்து நீர் உள்ளே போகிறது. மிதித்ததும் வாய் மூடுகிறது. உள்ளே மாட்டிய நீர் நுனியை நோக்கிப் பிதுக்கப்பட்டு, இரு முகங்களையும் தள்ளி விலக்குகிறது. பவர் என்ற ஆய்வாளர் 1988இல் இதைக் கணக்காகவே போட்டார்.

இந்த நிகழ்ச்சி நிரலைக் கவனித்தால், ஒரு சக்கரம் கடக்கும்போது நுனிக்கு முதலில் வருவது திறப்பு. அது ஓயும் தறுவாயில், முகங்கள் இன்னும் ஈரமாகவும் தளர்வாகவும் இருக்கும்போது, சக்கரம் நுனிக்கு மேலே வந்து சறுக்கைக் கொடுக்கிறது.

ஷெஃபீல்டில் போல்ட், பிரவுன், ஆலன் மூவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தண்டவாள எஃகிலேயே செய்து பார்த்தது. இரண்டு திசையில் தனித்தனியாகச் சுமை ஏற்றக்கூடிய சிலுவை வடிவத் துண்டு, நடுவில் விரிசல். சறுக்கு மட்டும் கொடுத்தால் விரிசல் சீக்கிரம் மட்டுப்பட்டது அல்லது கிளை விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் ஒரு திறப்பு, அது போனதும் ஒரு சறுக்கு என்று கொடுத்தபோது, விரிசல் வளையாமல் தன் தளத்திலேயே நீண்ட தூரம் வளர்ந்தது. அடுத்து வந்த ஆய்வுகளில் திறப்பும் சறுக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவை மாற்றிப் பார்த்தார்கள். அவை ஒரே நேரத்தில் வரத் தொடங்கினால் விரிசல் கிளை விடுவது எளிதாகிறது.

இதற்கு விளக்கம் சொல்வது கஷ்டமில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் நுனியைச் சுற்றிய இழுப்பு ஒரு சாய்ந்த திசையில் குவிந்து, அங்கே கிளை விட அழைக்கிறது. தனித்தனியாக வந்தால் திறப்பு தன் பங்குக்கு நேராகவே கொஞ்சம் திறக்கிறது. சறுக்கு வரும்போது, உராய்வு தளர்ந்த பாதை நேரே தயாராக இருக்கிறது. கிளை விடக்கூடிய பக்கத்தையோ சக்கரத்தின் அமுக்கம் மூடிவைத்திருக்கிறது. எந்தப் பக்கம் வேகமாக வளர முடியுமோ அந்தப் பக்கம் விரிசல் போகிறது. தண்டவாளத்தில் அந்தப் பக்கம் நேர்ப்பக்கம். படிந்த மணிகளும் அதே திசையில் கிடப்பது கூடுதல் வசதி.

இப்போது வளர்ச்சி விதிக்கு வரலாம். விரிசல் ஒரு சுற்றுக்கு எவ்வளவு வளரும் என்பதைத் தகைவுச் செறிவுக் காரணியின் (நுனியில் தகைவு எவ்வளவு குவிகிறது என்று காட்டும் எண்ணின்) வீச்சை, அதாவது ஏற்ற இறக்க அளவை, ஒரு அடுக்குக்கு உயர்த்திச் சொல்வது 1963இல் பாரிஸும் எர்டோகனும் வெளியிட்ட விதி. எஃகுக்கு அடுக்கு மூன்றை ஒட்டியிருக்கும். வீச்சு இரண்டு மடங்கானால் வேகம் எட்டு மடங்கு. கூட்டுச்சுமைக்கு இதை நீட்டியவர் தனாகா, 1974. திறப்பு வீச்சின் நாலாம் அடுக்கோடு, சறுக்கு வீச்சின் நாலாம் அடுக்கை எட்டால் பெருக்கிக் கூட்டி, நாலாம் மூலம் எடுக்கச் சொன்னார். எட்டின் நாலாம் மூலம் 1.68, அதாவது ஒரு பங்கு சறுக்கு 1.68 பங்கு திறப்புக்குச் சமம். இன்றைக்கும் மென்பொருள்களில் அதிகம் புழங்கும் சூத்திரம் இது. நல்ல சூத்திரமும்கூட, அதன் எல்லைக்குள். ஆனால் அதற்குள் போவது இரண்டு வீச்சுகள் மட்டும். திறப்பு முன்னால் வந்ததா, கூடவே வந்ததா, பின்னால் வந்ததா என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. ஷெஃபீல்டில் பார்த்த இரண்டு நடத்தைக்கும் அது ஒரே விடையைத் தரும். வேகத்துக்காவது ஓரளவு ஒப்பேற்றலாம். பாதை எது என்று கேட்டால் கையை விரித்துவிடும். ஹாட்ஃபீல்டில் ஆளைக் கொன்றது பாதை மாற்றம்தான்.

கீழ்நோக்கித் திரும்பும் இடம்

தட்டையாகப் போகும் விரிசல் எரிச்சல் தருமே ஒழிய, ஆபத்து குறைவு. மேல்நோக்கித் திரும்பினால் ஒரு செதில் பெயர்ந்து விழும், பார்த்ததும் தெரியும், இழைத்துச் சரிசெய்யலாம். கீழ்நோக்கித் திரும்பினால் அது தண்டவாளத்தின் குறுக்கே இறங்கும் விரிசல்.

ஆழம் போகப்போக சக்கரத்தின் தொடுதகைவு வேகமாகத் தேய்ந்துவிடுகிறது. கிளையை மூடிவைத்திருந்த அமுக்கமும் அதோடு போகிறது. மேல்தோலில் சக்கரங்கள் மிதித்து மிதித்து ஏற்படுத்திய அமுக்கத் தகைவு சில மில்லிமீட்டரில் முடிந்து, அதற்குக் கீழே தலையின் உட்பகுதியில் இழுதகைவு தொடங்குகிறது. உருக்காலையில் தண்டவாளத்தை உருளைகளுக்கு நடுவே நிமிர்த்தியபோது தங்கிப்போனது அதில் ஒரு பங்கு. இதுவரை ஆட்டத்தில் இல்லாத இரண்டு பேர் இப்போது வருகிறார்கள்: தண்டவாளம் மேலும் கீழும் வளைவது, வெப்பநிலை.

சக்கரம் நேர் மேலே இருக்கும்போது தண்டவாளம் தொய்கிறது, தலை அமுங்குகிறது. சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் தண்டவாளம் லேசாக மேலெழும். அங்கே தலை இழுபடும். அளவு சில பத்து மெகாபாஸ்கல்தான். வெப்பநிலை: தொடர்ந்து பற்றவைத்த தண்டவாளம் நீளவோ சுருங்கவோ முடியாது. பிரிட்டனில் அதை 27 டிகிரி செல்சியஸில் தகைவில்லாமல் இருக்கும்படி பதிப்பார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2.4 மெகாபாஸ்கல் இழுப்பு ஏறும். 15 டிகிரி குறைந்தால் 36.

எண்ணிப் பார்ப்போம். இவை ஹாட்ஃபீல்டில் அளந்தவை இல்லை. போக்கைக் காட்ட நான் வைத்த உத்தேச எண்கள். குளிர் இழுப்பு 36, உள்ளே தங்கிய இழுதகைவு 100, வளைவு 30. மொத்தம் 166 மெகாபாஸ்கல். வடிவக் காரணி (விரிசலின் வடிவத்துக்கான திருத்தம்) 0.7 என்றால், 5 மில்லிமீட்டர் ஆழத்தில் தகைவுச் செறிவுக் காரணி சுமார் 15. 20 மில்லிமீட்டரில் சுமார் 29 (அலகு: மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம்). தண்டவாள எஃகின் முறிவுக் கடினத்தன்மை (இந்தக் காரணி எவ்வளவு ஏறினால் எஃகு முறியும் என்ற எல்லை) 30இலிருந்து 40 வரைதான். ஆக, 20 மில்லிமீட்டரைத் தொட்ட விரிசல் அடுத்த பலமான சக்கரத்துக்காகக் காத்திருக்கிறது.

இதில் மாறிமாறி வருவது எவ்வளவு என்று பாருங்கள். 166இல் 136 நிலையானது. சக்கரத்துக்குச் சக்கரம் ஏறி இறங்குவது வளைவின் 30 மட்டும். 5 மில்லிமீட்டர் ஆழத்தில் அந்த 30 தரும் வீச்சு 2.6. சராசரி இழுப்பு அதிகமாக உள்ளபோது எஃகில் விரிசல் வளரத் தேவையான குறைந்தபட்ச வீச்சும் ஏறத்தாழ அதுதான். கீழே திரும்பிய விரிசல் முதலில் வளருமா தூங்குமா என்பது நூலிழையில் நிற்கிறது. குளிர் வீச்சைக் கூட்டுவதில்லை. ஆனால் சராசரியை உயர்த்தி அந்த நூலிழையை ஒரு பக்கம் சாய்க்கிறது. முறிவுக்குள்ள இடைவெளியையும் சுருக்குகிறது. கொஞ்சம் ஆழமானால் வீச்சும் சேர்ந்து ஏறும். அப்புறம் தூக்கம் இல்லை. தட்டை நிலையில் விரிசலை வளர்த்த விசை வேறு, இந்த நிலையில் வளர்ப்பது வேறு. ஒரே விரிசலுக்கு இரண்டு கணக்கு. நடுவில் உள்ள திருப்பத்துக்கு மூன்றாவது கணக்கு, அதுதான் இன்றும் பலவீனமானது.

முந்நூறு துண்டு

தனி விரிசலாக இருந்திருந்தால் ஒரு முறிவோடு போயிருக்கும். இங்கே ஒரே வளைவு, ஒரே எஃகு, ஒரே மாதிரி சக்கரங்கள், ஒரே மழை. சில மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பிறந்த விரிசல்களில் பல ஏறக்குறைய ஒரே வயதில் கீழே திரும்பியிருந்தன. முதல் முறிவு விழுந்ததும் அந்த இடைவெளியில் அடுத்த சக்கரம் சுத்தியல் அடியாக இறங்குகிறது, தண்டவாளத்தின் அறுந்த நுனி தாங்கலில்லாத விட்டமாக வளைகிறது, பக்கத்து விரிசல் போகிறது, இடைவெளி பெரிதாகிறது, அடுத்த அடி இன்னும் பலம். இன்ஜினும் இரண்டு பெட்டியும் தப்பியதும், பின்னால் வந்தவை தப்பாததும் இந்த வரிசைக்குப் பொருந்துகிறது.

கண்டுபிடிக்கும் கருவியும் இந்த விரிசல் வகைக்கு ஏற்றதாக இல்லை. அல்ட்ராசோனிக் சோதனையில் ஒலி மேலிருந்து கீழே போக வேண்டும். மேலே தட்டையாகக் கிடக்கும் விரிசல்கள் அந்த ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். அவற்றின் நிழலில் ஒளிந்திருக்கும் குறுக்கு விரிசல் திரையில் வராது. மேல்விரிசல் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குக் கீழ்விரிசல் மறைவு. 'கருவி ஒன்றும் காட்டவில்லை' என்பதும் 'கருவியால் பார்க்க முடியவில்லை' என்பதும் வேறு வேறு. சோதனைப் படிவத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடக்கூடும்.

விபத்துக்குப் பிறகு பிரிட்டன் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகத் தடை போட்டார்கள். ரயில் போக்குவரத்து மாதக்கணக்கில் தள்ளாடியது. தண்டவாள உரிமையாளரான ரெயில்ட்ராக் 2001இல் திவால் நிர்வாகத்துக்குப் போய், 2002இல் நெட்வொர்க் ரெயில் பொறுப்பேற்றது. 2005இல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்காக நெட்வொர்க் ரெயிலுக்கு 35 லட்சம் பவுண்டும், பராமரிப்பு ஒப்பந்ததாரர் பால்ஃபோர் பீட்டிக்கு ஒரு கோடி பவுண்டும் அபராதம். இரண்டாவது மேல்முறையீட்டில் 75 லட்சமாகக் குறைந்தது.

பொறியியல் பக்கம் வந்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது, தேய்மானத்தை எதிரியாகப் பார்ப்பதை விட்டது. தேய்மானம் விரிசலின் வாயைத் தின்கிறது. மேல்தோல் போதிய வேகத்தில் தேய்ந்தால் விரிசல் வளர்வதற்குள் கரைந்துவிடும். தேய்மானத்தைக் குறைத்ததும் விரிசலுக்கு ஆயுள் கிடைத்துவிட்டது. அதனால் இப்போது கிரைண்டிங் வண்டி விட்டுத் தாங்களே மெல்லிய அடுக்கை இழைத்து எடுக்கிறார்கள். சக்கரம் கேஜ் கார்னரில் ஏறாதபடி தலையின் வடிவத்தையும் மாற்றுகிறார்கள்.

எந்த வளைவில் எவ்வளவு ஆபத்து என்று கணிக்க, தொடுபரப்பில் வழுக்கலால் விரயமாகும் ஆற்றலை அளவுகோலாக வைத்தார்கள்: ஒரு மீட்டர் பயணத்துக்கு எத்தனை ஜூல். சாதாரணத் தரத் தண்டவாளத்துக்கு 15க்குக் கீழே சேதம் இல்லை. 65இல் விரிசல் ஆபத்து உச்சம். 175ஐத் தாண்டினால் தேய்மானம் விரிசலை முந்திவிடும். மறுபடி ஒரே எண்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இது விரிசல் பிறக்குமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும், உண்மையான தடங்களில் பார்த்ததோடு ஒப்பிட்டுச் சரிசெய்த எண். அச்சு திரும்புவதைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் வளைவில் இந்த ஆற்றல் கூடும் என்பதால், வண்டி வடிவமைப்பவரும் தண்டவாளக்காரரும் ஒரே மேசைக்கு வர வேண்டியதாயிற்று. விரிசல் எப்போது கீழே திரும்பும் என்பதை இந்த எண்ணிடம் கேட்கக் கூடாது.

அதற்கு இன்னும் கையாள்வது அனுபவ அளவுதான். பிரிட்டிஷ் முறையில் மேற்பரப்பில் தெரியும் நீளத்தை வைத்து வகை பிரிக்கிறார்கள்: 10 மில்லிமீட்டருக்குக் கீழே லேசு, 20 வரை நடுத்தரம், 30 வரை கனம், அதற்கு மேல் கடுமை. தட்டை நிலையில் மேலே தெரியும் நீளமும் உள்ளே போன ஆழமும் ஓரளவு சேர்ந்தே வளர்வதால் இது செல்லுபடியாகிறது. திரும்பிய விரிசலில் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது: மேலே நீளம் ஏறாது, கீழே ஆழம் ஏறும். 30ஐத் தொட்ட தண்டவாளத்தை அளந்துகொண்டிருப்பதில் பயனில்லை. வேகத்தைக் குறைத்து, வெட்டி எடுத்து, புதியதைப் பதிக்க வேண்டியதுதான்.